அறுவை சிகிச்சைக் கூடத்தின் காற்று: ஆளில்லா அறையில் எண்ணப்படும் கிருமிகள்

பாரிஸ் நகரின் வடக்கு ரயில் நிலையமான கார் து நோரின் கிழக்கு வாசல் வழியாக வெளியேறுபவர்கள் சில நிமிட நடையில் லாச்சப்பல் எனப்படும் தமிழர் கடைத்தெருவை அடைந்துவிடுவார்கள். மேற்குப் புறமாகச் சென்றால் எதிர்ப்படுவது லாரிபுவாசியேர் மருத்துவமனையின் நெடிய கல் மதில். இப்பகுதியில் வசிக்கும் தமிழர்கள் பலருக்கு அது அவசர சிகிச்சைக்கான இடமாக மட்டுமே அறிமுகம். ஆனால் மருத்துவ வரலாற்றில் அதற்கு வேறோர் இடமும் உண்டு. நோயாளியைச் சூழ்ந்திருக்கும் காற்று தூய்மையாக இருந்தால் அவர் பிழைப்பார் என்ற நம்பிக்கையை அடித்தளமாகக் கொண்டு எழுப்பப்பட்ட கட்டடம் அது.

அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்ற கேள்விக்கு நூற்று எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் முழுமையான விடை இல்லை. இடுப்பு மூட்டு மாற்றம், முழங்கால் மூட்டு மாற்றம், இதய வால்வு பொருத்துதல் போன்ற சிகிச்சைகள் நடக்கும் கூடங்களில் காற்றை வடிகட்டுவதற்குப் பெரும் தொகை செலவிடப்படுகிறது. காற்றில் எத்தனை கிருமிகள் உள்ளன என்று அளந்து பார்க்கவும் செய்கிறார்கள். ஆனால் அந்த அளவீடு பெரும்பாலும் நடைபெறுவது கூடத்தில் ஒருவரும் இல்லாத நேரத்தில். நோயாளியின் உடல் திறக்கப்பட்டிருக்கும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் காற்று எப்படியிருந்தது என்பது பல மருத்துவமனைகளில் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை.

கோபுர உச்சியிலிருந்து வந்த காற்று

1832ஆம் ஆண்டு பாரிசில் பரவிய காலரா நோய் சுமார் 18 ஆயிரம் பேரைப் பலிகொண்டது. நெருக்கடியும் புழுக்கமும் நிறைந்த பழைய மருத்துவமனைகளே நோய் பரவக் காரணம் என்று கருதிய நகர நிர்வாகம், நகரின் வட விளிம்பில் புதிய மருத்துவமனை ஒன்றைக் கட்ட முடிவு செய்தது. கட்டடக் கலைஞர் மார்த்தான்-பியேர் கோத்தியே வகுத்த திட்டப்படி 1846இல், கார் து நோரின் முதல் நிலையக் கட்டடம் திறக்கப்பட்ட அதே ஆண்டில், பணிகள் தொடங்கின. 1854இல் நோயாளிகள் அனுமதிக்கப்பட்டனர். தன் செல்வத்தை நகரத்துக்கு எழுதி வைத்த கோமாட்டி எலிசா து லாரிபுவாசியேரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

நடுவே பெரிய முற்றம். அதன் இரு மருங்கிலும் ஒன்றையொன்று ஒட்டாமல் விலகி நிற்கும் நோயாளர் விடுதிகள். அவற்றை இணைக்கும் நடைக்கூடம். ஒரு விடுதியின் காற்று மற்றொன்றுக்குள் செல்லக்கூடாது என்பதே இந்த அமைப்பின் நோக்கம். அத்தோடு நிற்கவில்லை. ஒரு பக்க விடுதிகளுக்கு நீராவி இயந்திரத்தால் சுழலும் விசிறி மூலம் காற்று உள்ளே தள்ளப்பட்டது. மறுபக்க விடுதிகளில் வெப்பத்தின் உதவியால் காற்று வெளியே இழுக்கப்பட்டது. உள்ளே தள்ளப்படும் காற்று தெருவின் அசுத்தம் படாததாக இருக்க வேண்டும் என்று கருதி, மருத்துவமனைத் தேவாலயத்தின் மணிக்கோபுர உச்சியிலிருந்து அதை எடுத்தார்கள். எந்த முறை சிறந்தது என்பதைக் கண்டறிய அளவீடுகளும் எடுக்கப்பட்டன. ஒரே மருத்துவமனையில் இரு வகைக் காற்றோட்டத்தை வைத்து ஒப்பிட்ட அந்த முயற்சி அக்காலத்தில் ஐரோப்பாவெங்கும் பேசப்பட்டது. நவீன தாதியியலின் முன்னோடியான ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், மருத்துவமனைகள் எவ்வாறு கட்டப்பட வேண்டும் என்பது பற்றிய தமது நூலில் லாரிபுவாசியேரின் அமைப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டார்.

ஆயினும் அறுவை சிகிச்சைக்குப் பின்னான மரணங்கள் ஓயவில்லை. 1840களின் தொடக்கத்தில் அறுவை மருத்துவர் மால்கேஞ் திரட்டிய கணக்கின்படி, பாரிஸ் மருத்துவமனைகளில் தொடைப் பகுதியில் கால் நீக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புதிய கட்டடமும் புதிய காற்றும் இந்த அவலத்தை மாற்றிவிடவில்லை. 1860களின் தொடக்கத்தில் பிரெஞ்சு மருத்துவக் கழகத்தில் மருத்துவமனைகளின் சுகாதாரம் குறித்து நீண்ட விவாதம் மூண்டது. காற்றின் அளவை அறிந்திருந்தார்கள், வெப்பத்தை அறிந்திருந்தார்கள், அதில் மிதப்பது என்ன என்பதை மட்டும் எவரும் அளக்கவில்லை.

அதை அளக்கத் தொடங்கியவர் லூயி பாஸ்டர். 1860ஆம் ஆண்டில் அவர், கொதிக்கவைத்து மூடிய குடுவைகளை ஆல்ப்ஸ் மலைத்தொடரின் பனிப்பாறை வரை எடுத்துச் சென்று திறந்து மூடினார். அங்கே திறக்கப்பட்ட 20 குடுவைகளில் ஒன்று மட்டுமே கெட்டுப்போனது. தாழ்வான இடங்களில் திறந்தவை அதைவிட அதிகமாகக் கெட்டன. காற்றில் கிருமிகள் உள்ளன, ஆனால் எங்கும் ஒரே அளவில் அல்ல என்பது அதிலிருந்து தெரிந்தது. பின்னர் பாரிசின் தென்பகுதியிலுள்ள மோன்சூரி ஆய்வகத்தில் பியேர் மிக்கேல் என்பவர் காற்றிலுள்ள நுண்ணுயிர்களை ஆண்டுக்கணக்கில் எண்ணினார். பூங்காவின் காற்றைவிட நகர மையத்தின் காற்றில் அவை பல மடங்கு அதிகம் என்று அவர் பதிவு செய்தார். காற்றின் நுண்ணுயிர்களைத் தொடர்ந்து கண்காணிக்கும் வழக்கம் அங்கிருந்தே தொடங்குகிறது எனலாம்.

காற்றை மறந்த காலம்

பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் பாஸ்டரின் கருத்தைத் தம் துறைக்குக் கொண்டுவந்தார். கார்பாலிக் அமிலத்தால் புண்ணைக் கழுவியதுடன், 1870களில் அறுவை நடக்கும்போதே அறையின் காற்றில் அந்த அமிலத்தைத் தூவலாகப் பீய்ச்சினார். 1868இல் கிளாஸ்கோ சென்று அவரது முறையை நேரில் கண்ட இளம் பிரெஞ்சு மருத்துவர் லூக்கா-சாம்பியோனியேர் அதனை பிரான்சில் பரப்பினார். ஆனால் கைகள், கருவிகள், துணிகள் ஆகியவை கடத்தும் கிருமிகளே பெரும் ஆபத்து என்பது படிப்படியாகத் தெளிவாயிற்று. 1890இல் பெர்லினில் நடந்த சர்வதேச மருத்துவ மாநாட்டில், காற்றின் கிருமிகளைக் கொல்ல அமிலத் தூவலைப் பரிந்துரைத்ததற்காகத் தாம் வெட்கப்படுவதாக லிஸ்டரே ஒப்புக்கொண்டார். கொதிநீராவியால் தூய்மை செய்யப்பட்ட கருவி, கையுறை, முகமூடி என்று அறுவை சிகிச்சை வேறு திசையில் வளர்ந்தது. காற்று பற்றிய பேச்சு சில தலைமுறைகளுக்கு அடங்கிப்போனது.

அதை மீண்டும் எழுப்பியது செயற்கை மூட்டு.

உடலில் அந்நியப் பொருள் ஒன்று இருக்கும்போது தொற்றுக்குத் தேவைப்படும் கிருமிகளின் எண்ணிக்கை வியக்கத்தக்க அளவில் குறைந்துவிடுகிறது. 1957இல் எலெக், கோனென் ஆகிய இரு ஆய்வாளர்கள் தன்னார்வலர்களிடம் நடத்திய சோதனை இதைக் காட்டியது. ஆரோக்கியமான தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியால் சீழ்க்கட்டி உண்டாக்கப் பல லட்சம் கிருமிகளைச் செலுத்த வேண்டியிருந்தது. ஒரு பட்டுத் தையல் நூல் உள்ளே இருந்தபோது சில நூறு கிருமிகளே போதுமானவையாக இருந்தன. தையல் நூலே இப்படியென்றால், தொடை எலும்புக்குள் இறக்கப்படும் உலோகத் தண்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சாதாரண குடல்வால் அறுவையில் உடலின் எதிர்ப்பாற்றல் துடைத்தெறிந்துவிடக்கூடிய சொற்பக் கிருமிகள், செயற்கை மூட்டின் மேற்பரப்பில் படலமாக ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் வாழ்ந்துவிடுகின்றன. அப்படியானால் மூட்டைக் கழற்றி, மாதங்கள் நீளும் மருந்துக்குப் பின் மீண்டும் பொருத்த வேண்டும். சிலருக்கு அந்தக் கால் பழைய நிலைக்குத் திரும்புவதேயில்லை.

இன்றைய இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையை உருவாக்கிய பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் சார்ன்லி, 1960களின் தொடக்கத்தில் தமது நோயாளிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பேருக்கு இவ்வாறு தொற்று ஏற்படுவதைக் கண்டார். காற்றே காரணம் என்று அவர் சந்தேகித்தார். ரைட்டிங்டன் மருத்துவமனையில், கண்ணாடி வீடு போன்ற ஒரு சிறு அடைப்புக்குள் வடிகட்டிய காற்றை மேலிருந்து கீழாகச் செலுத்தி, அதற்குள் அறுவை செய்தார். மருத்துவர்கள் மூச்சுக்காற்றையும் உடற்காற்றையும் குழாய் வழியே வெளியேற்றும் தனி உடை அணிந்தார்கள். பத்தாண்டுகளில் தொற்று விகிதம் ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஆனால் அதே காலத்தில் தையல் முறை உட்பட வேறு பலவும் மாறியிருந்ததால், வெற்றி காற்றினுடையதா என்று உறுதிசெய்ய முடியவில்லை.

அதைத் தீர்க்கும் முகமாக பிரிட்டனிலும் சுவீடனிலும் 19 மருத்துவமனைகளில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடுப்பு, முழங்கால் அறுவைகளை உள்ளடக்கிய ஆய்வு நடத்தப்பட்டது. அதன் முடிவுகள் 1982இல் வெளியாயின. வழமையான கூடங்களில் ஆழமான தொற்று 1.5 சதவீதம், மிகத் தூய காற்றுள்ள கூடங்களில் 0.6 சதவீதம். அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு, அறுவைப் புண்ணில் காணப்பட்ட கிருமிகளில் 98 சதவீதம் வரை நேரடியாகவோ மறைமுகமாகவோ காற்றிலிருந்து வந்தவை என்று மதிப்பிட்டது. மறைமுகமாக என்பதன் பொருள், காற்றிலிருந்து கருவி மேசையிலும் கையுறையிலும் இறங்கி, அங்கிருந்து புண்ணுக்குச் செல்வது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் லிஸ்டர் கைவிட்ட காற்று மீண்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது. எட்டாயிரம் பேர் ஆய்வில் ஒரு குறையும் இருந்தது. நோய் வருமுன் கொடுக்கப்படும் ஆன்ட்டிபயாட்டிக் மருந்து எல்லோருக்கும் ஒரே சீராகக் கொடுக்கப்படவில்லை. அந்த மருந்தும் தன் பங்குக்குத் தொற்றைக் கணிசமாகக் குறைத்திருந்தது. இந்தக் குறை பின்னாளில் பெரும் சர்ச்சைக்கு வித்திட்டது.

கிருமியைக் கொண்டுவருபவர் யார்

கூடத்தின் காற்றில் மிதக்கும் கிருமிகள் வெளியிலிருந்து, ரயில் நிலையத்துத் தூசியோடு வருபவை என்றே பலர் நினைக்கக்கூடும். வடிகட்டிகள் சரியாக வேலை செய்யும் வரை அது உண்மையல்ல. அவை வருவது அங்கே நின்று வேலை செய்பவர்களிடமிருந்து. மனித உடல் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு கோடித் தோல் செதில்களை உதிர்க்கிறது. கண்ணுக்குத் தெரியாத இச்செதில்களில் சுமார் பத்தில் ஒன்று உயிருள்ள பாக்டீரியாவைச் சுமந்து செல்கிறது. நடந்தால் உதிர்வது கூடும். கைகால் அசைந்தால், துணி உரசினால், அது இன்னும் கூடும். சாதாரணப் பருத்தி உடையின் இழை இடைவெளிகள் இச்செதில்கள் எளிதில் வெளியேறக்கூடிய அளவுக்குப் பெரியவை.

ஆகவே மருத்துவர், உதவியாளர், மயக்க மருந்து நிபுணர், தாதியர், மூட்டு விற்பனை நிறுவனத்தின் பிரதிநிதி, மாணவர் என்று ஆள் சேரச் சேரக் காற்று மாறுகிறது. கதவு திறந்தால் உள்ளிருக்கும் காற்றழுத்தம் குலைந்து, நடைவழியின் காற்று உள்ளே புகுகிறது. சுவீடனின் யோத்தெபோரி நகரில் எலும்பு முறிவுக்கான 30 அறுவைகளின்போது காற்று மாதிரி எடுத்து 2012இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கூடத்துக்குள் ஆட்கள் போய்வருவதற்கும் காற்றின் பாக்டீரியா எண்ணிக்கைக்கும் வலுவான தொடர்பு காணப்பட்டது. உள்ளே வந்தவர்களில் ஒரு பகுதியினர் அறுவைக்குத் தேவையான எதற்காகவும் வரவில்லை என்பதும் அதில் தெரியவந்தது.

விதிகளின் வெற்று அறை

இந்தப் பின்னணியில், காற்றை எப்போது அளக்க வேண்டும் என்ற கேள்வி எளிமையானதாகத் தோன்றலாம். விதிகள் வேறு விதமாகச் செல்கின்றன. பிரான்சில் மருத்துவமனைகளின் கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகளுக்கான தரவிதி 2013ஆம் ஆண்டு திருத்தி வெளியிடப்பட்டது. அது கூடங்களை ஆபத்தின் அடிப்படையில் வகைப்படுத்துகிறது. மிக உயர்ந்த வகையில் ஒரு கன மீட்டர் காற்றில் ஒரே ஒரு பாக்டீரியாக் காலனிக்கு மேல் வளரக்கூடாது; அடுத்ததில் 10, அதற்கடுத்ததில் 100. ஆனால் இந்த எண்கள் ஓய்வு நிலையில், அதாவது காற்றோட்டக் கருவி இயங்கிக்கொண்டிருக்க, ஆட்கள் எவரும் இல்லாத கூடத்துக்கு உரியவை.

இதை வெறும் சடங்கு என்று ஒதுக்குவது நியாயமாகாது. ஆளில்லா அறையில் அளப்பது இயந்திரத்தைச் சோதிக்கிறது. வடிகட்டி கிழிந்திருந்தால், அழுத்தம் குறைந்திருந்தால், அது தெரிந்துவிடும். வீட்டுக்குக் குடிபோகுமுன் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்ப்பதைப் போன்றது அது. பிழை நேர்வது, அந்தச் சோதனையில் தேறிய சான்றிதழ் அறுவை வேளையின் காற்றுக்கும் சான்றிதழ் என்று எடுத்துக்கொள்ளப்படும்போதுதான்.

பிரிட்டனில் 1994இல் வெளியான வழிகாட்டி இரண்டையும் வேறுபடுத்தியது. வழமையான கூடம் காலியாக இருக்கையில் கன மீட்டருக்கு 35 வரை, வேலை நடக்கையில் 180 வரை அனுமதிக்கலாம் என்றது. ஒரே அறை, ஒரே வடிகட்டி, ஐந்து மடங்கு வேறுபாடு. அந்த வேறுபாட்டுக்குக் காரணம் அங்கே நிற்கும் மனிதர்களே. மிகத் தூய காற்றுக் கூடங்களில் மட்டும், அறுவை நடக்கையில் புண்ணுக்கு அருகே 10க்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட இலக்கு.

அறுவையின்போது அளப்பது சொல்வதுபோல் எளிதும் அல்ல. பழைய, மலிவான வழி, கிருமி வளர்க்கும் கூழ் நிரப்பிய திறந்த தட்டை வைத்துவிடுவது. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, ஒரு மணி நேரம் வைத்தால் அதன்மேல் விழும் கிருமிகள் காலனிகளாக வளரும். புண்ணின் மேல் விழக்கூடியவை எவை என்பதை இந்த முறை ஓரளவு நேரடியாகக் காட்டுகிறது என்பது அதன் ஆதரவாளர்களின் வாதம். மற்றொரு வழி, பம்பு பொருத்திய கருவியால் குறிப்பிட்ட அளவு காற்றை உறிஞ்சித் தட்டின்மேல் மோதச் செய்வது. நிமிடத்துக்கு 100 லிட்டர் உறிஞ்சும் கருவிக்கு ஒரு கன மீட்டர் காற்றை எடுக்கப் பத்து நிமிடம் ஆகும். கணக்கு துல்லியமானது. ஆனால் உறிஞ்சும் கருவியைத் திறந்த வயிற்றுக்கோ எலும்புக்கோ அருகில் கொண்டுவர எந்த அறுவை மருத்துவரும் விரும்புவதில்லை. சற்றுத் தள்ளி வைத்தால் அது அளப்பது வேறு காற்றை. இரு முறைகளுக்கும் பொதுவான குறை, காலனிகள் கண்ணுக்குத் தெரிய இரண்டு நாட்கள் ஆகும் என்பது. தட்டு ஆய்வகத்தில் சூடேறிக்கொண்டிருக்கையில் நோயாளி எழுந்து நடக்கத் தொடங்கியிருப்பார்.

உடனடி விடை தரக்கூடியது ஒளிக்கற்றையால் நுண்துகள்களை எண்ணும் கருவி. அதற்கோ துகளில் உயிருண்டா இல்லையா என்று தெரியாது. மின்கருவியால் தசையைத் தீய்க்கும்போது எழும் புகையையும் எலும்பை அறுக்கும்போது பறக்கும் பொடியையும் அது தோல் செதிலோடு சேர்த்தே எண்ணிவிடும்.

தொப்பிகளில் அடையாளக் குறிகள்

லாச்சப்பலிலிருந்து வடமேற்கே, 18ஆவது வட்டாரத்தின் எல்லையில் உள்ளது பிஷா மருத்துவமனை. அங்குள்ள தொற்றுக் கட்டுப்பாட்டு நிபுணர்கள் ஜான்-கிறிஸ்தோஃப் லூசே, கப்ரியேல் பிர்கான் ஆகியோரைக் கொண்ட குழுவினர், அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே அளக்க முடியுமா என்று பார்த்தார்கள். பிரான்சின் பத்து மருத்துவமனைகளில், எலும்பு மற்றும் இதய அறுவைகள் நடக்கும் 13 கூடங்களில், கிருமிக் காலனிகளும் நுண்துகள்களும் ஒருசேர எண்ணப்பட்டன. புண்ணை மூடுவதற்கு முன் அதிலிருந்தும் மாதிரி எடுக்கப்பட்டது. 2015இல் வெளியான அந்த ஆய்வு, நுண்துகள் எண்ணிக்கை காற்றின் கிருமி அளவைக் காட்டும் மாற்று அளவுகோலாகப் பயன்படக்கூடும் என்றது. புகைக் குறை இருப்பினும், இரண்டு நாள் காத்திருக்கத் தேவையற்ற ஓர் அளவுகோல் என்பதே அதன் மதிப்பு.

அதே குழுவினர் இன்னொன்றும் செய்தார்கள். கூடத்தில் இருப்பவர்களின் தொப்பிகளில் ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு குறிகளை ஒட்டி, சுவரோரம் பொருத்திய அகச்சிவப்புக் கேமராக்களால் அவர்களின் நடமாட்டத்தைப் பதிவு செய்தார்கள். கதவுகளில் அசைவுணரிகள் பொருத்தப்பட்டன. திரைப்படத் தயாரிப்பில் நடிகர்களின் அசைவைப் பதிவு செய்யும் அதே நுட்பந்தான். முகம் பதிவாவதில்லை, யார் எவ்வளவு நடந்தார், கதவு எத்தனை முறை திறந்தது என்பது மட்டும் பதிவாகும். காற்றின் தரத்தைப் பொறியாளரின் பொறுப்பாக மட்டும் பார்த்துவந்த வழக்கத்தை இது சற்றே திருப்பிப் போடுகிறது. மறந்துபோன ஒரு திருகாணிக்காகக் கதவைத் திறந்து ஓடுவதும் காற்றின் தரம் பற்றிய தகவலே. தங்களைக் கண்காணிப்பதை விரும்பும் பணியாளர்கள் எங்கும் குறைவு. முகத்தைப் பதிவு செய்யாமல் விட்டது அதனாலேயே இருக்கலாம்.

விலையுயர்ந்த காற்று வேண்டுமா

மிகத் தூய காற்றுக்காக உலகெங்கும் நிறுவப்பட்டது, மேற்கூரையிலிருந்து ஒரே திசையில் படலமாக இறங்கும் காற்றோட்ட அமைப்பு. அது கட்டவும் இயக்கவும் செலவு மிகுந்தது. 2008இல் ஜெர்மனியின் மருத்துவமனைத் தொற்றுக் கண்காணிப்பு அமைப்பின் தரவுகளைக் கொண்டு, ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான அறுவைகள் ஆராயப்பட்டன. இந்த அமைப்பால் பயன் தெரியவில்லை. இடுப்பு மூட்டு மாற்றத்தில் தொற்று சற்று அதிகமாகவே இருந்தது. நியூஸிலாந்தின் மூட்டுப் பதிவேட்டிலிருந்து 2011இல் வெளியான ஆய்வும் ஏறக்குறைய அதையே கூறியது. 2016இல் உலக சுகாதார நிறுவனம், மூட்டு மாற்று நோயாளிகளின் தொற்றைக் குறைக்கும் நோக்கில் இந்த அமைப்பைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஆதாரத்தின் தரம் குறைவு என்பதையும் அது மறைக்கவில்லை. எலும்பு அறுவை மருத்துவர்கள் பலர் இதை ஏற்கவில்லை. பதிவேட்டுத் தரவில் கூடத்தின் பெயர்தான் உள்ளதே தவிர, அறுவை வேளையில் காற்று உண்மையில் எப்படி இருந்தது என்ற அளவீடு இல்லை என்பது அவர்களின் முக்கியமான மறுப்பு.

மறுப்பில் பொருள் உண்டு. தலைகுனிந்து நிற்கும் மருத்துவரும் பெரிய விளக்கும் இறங்கும் காற்றை மறித்தால், விலையுயர்ந்த அமைப்பு அவர்கள் உதிர்ப்பதைப் புண்ணின் மீதே கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடும். அது அமைப்பின் குறையா, பயன்படுத்தியவர்களின் குறையா என்பதைச் சொல்ல, வேலை நடக்கும்போது எடுத்த எண் வேண்டும். அது இல்லாமல் இரு தரப்பும் ஊகத்தையே எதிர்கொள்கின்றன.

தமிழ்நாட்டிலும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் நிலைமை வேறு வகையானது. மருத்துவமனைகளுக்கான தேசிய அங்கீகார வாரியம், கூடத்தின் காற்று மணிக்குக் குறைந்தது 20 முறை மாற்றப்பட வேண்டும் என்று கூறுகிறது. இவ்வசதி இல்லாத சிறு மருத்துவமனைகளில், கூடத்தைப் பூட்டி ஃபார்மலின் புகை போட்டு, பின் தட்டு வைத்துச் சோதிக்கும் பழக்கம் நெடுங்காலம் நிலவியது. ஃபார்மால்டிஹைடு புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. மறுநாள் காலை ஆறு பேர் உள்ளே நுழைந்ததும் புகை தந்த தூய்மை தீர்ந்துவிடுகிறது என்பது அதைவிட எளிய ஆட்சேபம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையங்களும், காரணமின்றி வழக்கமாகக் காற்று மாதிரி எடுப்பதைப் பரிந்துரைக்கவில்லை. எண்ணுவதென்றால் எதற்காக எண்ணுகிறோம் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அவர்களின் நிலைப்பாடு.

தட்டில் வளராதவை

காற்றின்மீது கவனம் குவியும்போது வேறு வாசல்கள் மறந்துபோவதும் உண்டு. 1988க்கும் 1993க்கும் இடையே பாரிசின் தனியார் மருத்துவமனை ஒன்றில் முதுகெலும்பு அறுவை செய்துகொண்ட ஐம்பதுக்கும் மேற்பட்டோருக்கு, காசநோய்க் கிருமியின் உறவான ஒரு பாக்டீரியா தொற்றியது. அது வந்தது கருவிகளை அலசிய குழாய்த் தண்ணீரிலிருந்து. காற்றை எத்தனை முறை எண்ணியிருந்தாலும் அகப்பட்டிருக்காது. அந்த விவகாரம் எழுப்பிய கொந்தளிப்பு, மருத்துவமனைத் தொற்று குறித்த பிரெஞ்சுச் சட்டங்களில் எதிரொலித்தது. 2002 மார்ச் மாதச் சட்டத்தின்படி, மருத்துவமனையில் ஏற்பட்ட தொற்றுக்கு, அது வெளிக்காரணத்தால் வந்தது என்று நிரூபிக்காத வரை அந்த நிறுவனமே பொறுப்பு. நோயாளி எவருடைய தவறையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு டிசம்பர் மாதச் சட்டம், மரணத்துக்கும் 25 சதவீதத்துக்கு மேற்பட்ட நிரந்தர ஊனத்துக்கும் இழப்பீடு தரும் பொறுப்பை மருத்துவ விபத்துகளுக்கான தேசிய அலுவலகத்திடம் ஒப்படைத்தது. பிரெஞ்சு மொழியில் சரளமில்லாத நோயாளிகள் இந்த வழியைப் பற்றிக் கேள்விப்படாமலேயே போய்விடக்கூடும்.

மறுபுறம், காற்றே காரணமாக இருந்தும் வழமையான எண்ணிக்கை தவறவிட்ட நிகழ்வு ஒன்று சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் நடந்தது. அங்கே திறந்த இதய அறுவை செய்துகொண்ட ஆறு நோயாளிகள், ஒன்றரை ஆண்டு முதல் மூன்றரை ஆண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு, மைக்கோபாக்டீரியம் கைமெரா என்ற அரிய கிருமியால் நோயுற்றார்கள். அது எங்கிருந்து வந்தது என்று தேடியவர்கள், அறுவையின்போது நோயாளியின் இரத்தத்தைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் பயன்படும் இயந்திரத்தின் தண்ணீர்த் தொட்டியை அடைந்தார்கள். அதன் விசிறி அந்தக் கிருமியை நுண்துளிகளாகக் கூடத்தின் காற்றில் பரப்பிக்கொண்டிருந்தது. இயந்திரம் ஓடும்போது எடுத்த காற்று மாதிரியில் கிருமி வளர்ந்தது, நிறுத்திவைத்தபோது வளரவில்லை. அந்த இயந்திரம் ஓடுவது இதய அறுவை நடக்கும்போது மட்டுமே. தவிரவும் இக்கிருமி தட்டில் வெளிப்பட வாரக்கணக்கில் ஆகும். இரண்டாம் நாள் பார்த்துத் தூக்கி எறியப்படும் தட்டில் அது தெரியவே தெரியாது. வெற்று அறையில், 48 மணி நேரக் கணக்கில் செய்யப்படும் சோதனை ஆண்டுதோறும் தேறிக்கொண்டே இருந்திருக்கும்.

2015இல் இது வெளியானபின் பிற நாடுகளிலும் நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். சூரிக் மருத்துவமனை அந்த இயந்திரத்தைத் தனிப் பெட்டிக்குள் அடைத்து, அதன் காற்றைக் கூடத்தின் வெளியேற்றுக் குழாயோடு இணைத்தது. பிரிட்டனில் 2013 ஜனவரிக்குப் பின் இதய வால்வு அறுவை செய்துகொண்டவர்களுக்கு, 2017இல் தேசிய சுகாதார சேவையிலிருந்து கடிதங்கள் சென்றன. ஆபத்து மிகக் குறைவு, ஆயினும் காரணம் தெரியாத காய்ச்சலோ, எடை இழப்போ, இரவில் அதிக வியர்வையோ இருந்தால் இந்தக் கடிதத்துடன் மருத்துவரைச் சந்தியுங்கள் என்று அவற்றில் கூறப்பட்டிருந்தது.